சொன்னதை விழுங்கிய பெட்டி

கோயம்புத்தூருக்கு வடக்கே, பொன்னும் இல்லாத மாலையும் தெரியாத, ஆனாலும் பொன்மாலை அவென்யூ என்று வாசலில் பித்தளை எழுத்துப் பதித்திருந்த ஒரு குடியிருப்பில், ஒரே மாதிரி பால்கனியில் ஒரே மாதிரி மணி பிளாண்ட் வளர்த்து, ஒரே மாதிரி வெள்ளைக் காரை ஒரே மாதிரி கோணலாக நிறுத்தி, ஒரே குட்மார்னிங் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு சௌக்கியமாக வாழ்ந்துவந்த ஜனங்கள், ஐப்பசி மாதம் அடைமழை பிடித்த ஒரு வியாழக்கிழமையிலிருந்து, ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்ல முடியாதவர்களாகிப் போனார்கள். வாய் திறக்கும், நாக்கு புரளும், சத்தம் மட்டும் வராது. இதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வாரம் லிஃப்டும் வேலை செய்யவில்லை, அவர்களுடைய கவலையெல்லாம் அதில் இருந்தது.

இதற்குக் காரணமானவள் ஐந்தாம் மாடி வளர்மதி. வளாகத்தின் முகப்புக் கட்டடத்திலேயே இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. மற்றவர்கள் புரோகிராம் எழுதினார்கள், அவள் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பாத்திரம் பண்டம் செய்து கொடுத்தாள். விருந்தில் சமையல்காரரைப் பாராட்டுவார்கள், ரசவாளியைச் செய்தவரை யார் கேட்டார்கள்? அப்படிப்பட்ட வேலை. அவள் எழுதிய கிளாஸ்கள், அதாவது புரோகிராமுக்குள் எடுத்து வைக்கும் துண்டுகள், எல்லாமே ஒருவிதப் பெட்டிகள். வந்ததை வந்த வரிசையில் வைத்துக்கொள்வது ஒரு பெட்டி, எது வந்தாலும் எத்தனை வந்தாலும் அள்ளிப் போட்டுக்கொள்வது ஒரு பெட்டி, ஒன்றுபோல் இரண்டை உள்ளே விடாதது ஒரு பெட்டி. கடைசியாகச் சொன்னதற்கு ஆபீஸில் ஒற்றைப் பெட்டி என்று பெயர், அள்ளிப் போட்டுக்கொள்வதற்கு அள்ளுப் பெட்டி என்று பெயர்.

ஒற்றைப் பெட்டியை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க மேனேஜர் ரகோத்தமன் மீட்டிங் போட்டார். இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த மீட்டிங்கை அவர் மரியாதைக் குறைவாக நினைப்பவர், ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நெக்ஸ்ட் லெவல்’ என்ற வார்த்தையை உப்பு மாதிரி சேர்ப்பவர்.

“எதை வெச்சு சார் ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்றது?” என்று கேட்டாள் வளர்மதி. “எழுத்துக்கு எழுத்து பார்க்கட்டுங்களா?”

“எழுத்தெல்லாம் பாக்காதீங்க. ஒரே ஆள் ஒரே சங்கதியை வேற வேற மாதிரி சொல்வாங்க. சங்கதி ஒண்ணுன்னா ஒண்ணுதான். அதான் நெக்ஸ்ட் லெவல்.”

“தேதி? நேத்து சொன்னதும் இன்னிக்குச் சொன்னதும் வேறதானுங்களே?”

“தேதியைச் சேத்தா எல்லாமே புதுசாயிடுமே வளர்மதி. அப்புறம் எதைக் கழிக்கறது?”

அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குத்தான் அவர்களை அழைத்திருந்தது. இரண்டாவது தடவை வருவதைப் பெட்டி என்ன செய்ய வேண்டும், சத்தம் போட்டுச் சொல்ல வேண்டுமா, சும்மா விழுங்கிவிட வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது, சத்தம் போட்டால் கஸ்டமர் பயப்படுவார் என்று சும்மா விழுங்குவதாக முடிவாயிற்று. உள்ளே போனதை வெளியே எடுக்க ஒரு வழி வைக்கட்டுமா என்று வளர்மதி கேட்டதற்கு, இப்போதைக்கு யாரும் கேட்கவில்லையே, கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று அதையும் தள்ளிவைத்தார்கள். பொழுது சாப்பாட்டு வேளையைத் தாண்டியிருந்தது, அவளுக்கும் பசி, சரி என்று விட்டுவிட்டாள்.

கம்பெனி அந்தப் பெட்டியை முதலில் குடியிருப்பின் செயலியில்தான் வைத்துப் பார்த்தது. வருகிறவர் போகிறவரைப் பதிவதற்கும் புகார் சொல்வதற்கும் இருந்த செயலி அது, தண்ணீர் வரவில்லை என்று ஒரே ஆள் ஒரே புகாரை ஓயாமல் அனுப்பினால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். வியாழக்கிழமை காலையில் பெட்டி வேலைக்கு வந்தது. செயலியில் யார் யார் பெயர் இருந்ததோ அவர்கள் வாய்களெல்லாம் மதியத்துக்குள் அதன் சொல்பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டன.

முதல் சில நாள் அங்கே கொண்டாட்டம்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சபாபதியின் பொதுக்குழு, ஒவ்வொரு மாதமும் அரைத்த மாவையே அரைத்து இரவு உணவு வரை நீளக்கூடியது, டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஒரு தடவை பேசியதை மறு தடவை பேசக்கூடாதென்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தரைதளத்துப் பிள்ளையார் கோயிலில் குருக்கள் இரண்டாம் நாளிலிருந்து வாயை மட்டும் அசைத்தார், பக்தர்கள் முன்போலவே கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை. மாமியார்கள் புதுக் குற்றங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் மருமகள்களை முன்பைவிட உன்னிப்பாகக் கவனித்தார்கள், மருமகள்கள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் வேலை பார்த்த வளர்மதியின் கணவன் பெயரும் செயலியில் இருந்தது, அவன் ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து குளிரைப் பற்றிச் சொல்லி, அவளுடைய அப்பா எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறவன், அடுத்த ஞாயிறு வந்து வாயைத் திறந்தான், மூடினான், கையசைத்தான். இத்தனை வருஷமாக இவ்வளவுதான் பேசிக்கொண்டிருந்தோமா என்று இருவரும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகப்போக ஜனங்கள் வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். தலைவலி என்ற உண்மையை ஒரு தடவைதான் சொல்ல முடியும், ஆனால் தலையில் பல்லி விழுந்தது, பக்கத்து ஃபிளாட் மிக்ஸி மண்டைக்குள் ஓடுகிறது என்று பொய்யை எத்தனை விதமாகவும் சொல்லலாம் என்பது தெரிந்ததும், பொன்மாலை அவென்யூவில் எல்லோரும் மனசாரப் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். உண்மை மாத நடுவிலேயே தீர்ந்துபோயிற்று, பொய்க்குப் பஞ்சமே வரவில்லை. அமைதியான சூழல் என்று தரகர்கள் விளம்பரம் போட்டார்கள், ஃபிளாட் விலை ஏறிற்று, சபாபதி ரகோத்தமனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்து இதை ஊர் ஊராக விற்கப் போகிறோம் என்று ரகோத்தமன் மைக்கில் சொன்னார். ‘நெக்ஸ்ட் லெவல்’ முதல் நாளே தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தில் மட்டும் அவர் வாய் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது, அதற்கும் கைதட்டினார்கள்.

இத்தனை கொண்டாட்டத்திலும் ஐந்தாம் மாடியில் ஒரு மனிதர் காய்ந்துகொண்டிருந்தார். வளர்மதியின் அப்பா நாச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து ஊர், வருஷம், மனைவி செத்துப்போனது எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டு, போனால் போகிறதென்று ஒரு கைப்பிடி வாக்கியங்களை மட்டும் அவரிடம் விட்டுவைத்திருந்தது. “உள்ள எடமிருக்குது, முன்னால போங்க” என்பார். “படியில நிக்காதீங்க” என்பார். “நீ சாப்ட்டியா சாமி?” என்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் “அம்மணி” என்று மகளைக் கூப்பிடுவார், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், எதற்கென்று இல்லை. வளர்மதி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிற எரிச்சலில்தான் ஒற்றைப் பெட்டியை அவ்வளவு கச்சிதமாகச் செய்தாளோ என்னவோ, அதை அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வியாழக்கிழமை அவர் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் வழக்கம்போல் பொழுது சாய்வதற்குள் சொல்லி முடித்தார். அதற்கப்புறம் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. மற்றவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தெரியும், குறைந்தபட்சம் பொய்யாவது தெரியும், அவருக்கு அதுவும் தெரியாது. தான் கூப்பிட்டும் மகள் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாகக் கூப்பிட்டார், கழுத்து நரம்பு புடைத்ததே தவிரச் சத்தம் இல்லை. உன் வார்த்தை தீர்ந்துவிட்டதய்யா என்று பெட்டி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டாமென்றுதானே முடிவு செய்திருந்தார்கள்.

அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற மரகதம்தான் முதலில் கவனித்தாள். “அக்கா, ஐயா கஞ்சிய வாயில வெச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காருக்கா. முழுங்க மறந்துட்டாரு போல.” மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இந்த நோயில் பேச்சு நின்றால் மற்றதும் ஒவ்வொன்றாக நிற்கும், எப்படியாவது பேசவைத்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் பொங்கல் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். வளர்மதி அப்பாவைக் காரில் வைத்து அவிநாசிவரை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள், காம்பவுண்டைத் தாண்டியும் சத்தம் வரவில்லை. செயலியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாமென்று பார்த்தாள். உள்ளே போனதை வெளியே எடுக்கப் பெட்டியில் வழி இல்லை, அதைச் செய்தவளே அவள்தான்.

நேராக ரகோத்தமன் அறைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டு போனாள், ஒரு தடவைதானே சொல்ல முடியும், சிந்தாமல் சிதறாமல் சொல்ல வேண்டும்.

“சார், எங்கப்பாவுக்கு மறதி நோய். அவருகிட்ட இருக்கறதே நாலஞ்சு வார்த்தைதான், அதையும் நம்ம பெட்டி எடுத்துக்கிச்சுங்க. பேச்சு நின்னா ஆளே இருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்றாரு. பெட்டிய மாத்தணும் சார், ஒண்ணையே எத்தன தடவ சொன்னாலும் உள்ள விடறாப்பல மாத்தணும்.”

ரகோத்தமன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “சாரி வளர்மதி, ஒரு மெசேஜ் பாத்துட்டிருந்தேன். என்ன சொன்னீங்க?”

வளர்மதி வாயைத் திறந்தாள். சுற்றி வளைத்துப் பார்த்தாள், வேறு வார்த்தை போட்டுப் பார்த்தாள், சங்கதி ஒன்றாயிருந்ததால் எதுவும் வரவில்லை. கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது.

“அட, எதுக்குங்க அழறீங்க? அப்ரைசல் பத்தியா? டோன்ட் வொரி,” என்றார் ரகோத்தமன் அன்பாக. அவள் இருக்கைக்குத் திரும்பி எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்பினாள். மெயிலை யார் படிக்கிறார்கள்? ‘நேரில் பேசலாமே’ என்று உடனே பதில் வந்தது.

சபாபதியிடம் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார், அந்த மட்டில் அவர் நல்லவர்தான். “கஷ்டமாத்தான் இருக்குதுங்க மேடம். ஆனா ஒருத்தருக்காக எல்லாரும் மறுபடி அந்தச் சத்தத்துல கெடக்கணுங்களா? வேணும்னா தேதியச் சேத்துப் போடச் சொல்லுங்க. ஒரு வார்த்தைய ஒரு நாளைக்கு ஒருக்கா சொல்லலாம். உங்கப்பாவுக்கு அது போதாதுங்களா?”

காலையில் ஒரு அம்மணி, அவ்வளவுதான், அதற்கப்புறம் மறுநாள்வரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள் வளர்மதி. “போதாதுங்க” என்றாள். அந்த வார்த்தையும் அத்தோடு தீர்ந்தது.

வெளிநாட்டுக் கஸ்டமர்கள் பெட்டியைப் பார்க்க வருகிற நாள் வந்தது. வளாகமெங்கும் தோரணம் கட்டியிருந்தது. அமைதியைக் காட்டுவதற்காகக் குடியிருப்பவர்களையெல்லாம் பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள், இருந்த வார்த்தையையும் வீணாக்காமல் எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். ரகோத்தமன் மேடையேறியபோது வளர்மதி தன் இருக்கையில் தனியாக இருந்தாள். ஒற்றைப் பெட்டியைத் திறக்க வழியில்லையென்றால் பெட்டியையே தூக்கிவிட வேண்டியதுதான். அதை எடுத்துவிட்டு, யாரும் விரும்பாத, எதையும் எண்ணாத, எதையும் கழிக்காத அள்ளுப் பெட்டியை அந்த இடத்தில் வைத்தாள். இதோடு வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தாள்.

மேடையில் ரகோத்தமன் வழக்கம்போல் தீர்ந்துபோன இடத்தில் வாயைத் திறந்தார், ‘நெக்ஸ்ட் லெவல்’ என்று கணீரென்று வந்தது. அவரே திடுக்கிட்டார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், வந்தது. தொலைந்துபோன பிள்ளை வீடு திரும்பியதுபோல் முகம் மலர்ந்து மறுபடி மறுபடி சொன்னார், நிறுத்தவே முடியவில்லை. கூட்டத்தில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சாப்டாச்சா என்று கேட்டார், அவர் ஆச்சு என்றார், அவ்வளவுதான், கூடம் முழுக்க சாப்டாச்சா, ஆச்சு, மழை வருமா, வரும்போலத்தான், அப்புறம், அப்புறம் ஒண்ணுமில்ல, நீங்கதான் சொல்லணும் என்று கரைபுரண்டு ஓடியது. அமைதியை வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள்.

ரகோத்தமன் வளர்மதியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சொல்ல முடிகிறது என்பதால் அதையும் மூன்று தடவை சொன்னார். மாலைக்குள் சங்கம் கூடி அவளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, போட்டதைப் பற்றி இரவு உணவு வரை பேசியது. ஃபிளாட் விலை இறங்கியதற்கும், மாமியார்கள் பழைய குற்றங்களுக்கே திரும்பியதற்கும், உண்மையை மறுபடி சொல்ல முடிந்து பொய்யெல்லாம் பொய்யென்று தெரிந்துவிட்டதற்கும் அவள்தான் காரணம் என்றார்கள். குருக்கள்கூட, அர்ச்சனை முழுவதையும் இனிமேல் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தொண்டையைத் தடவிக்கொண்டு வருத்தப்பட்டதாகக் கேள்வி.

இந்தத் தீர்மானமெல்லாம் வருவதற்கு முன்பே, மத்தியானமே வளர்மதி வீட்டுக்கு வந்துவிட்டாள். நாச்சிமுத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே அத்தனை பேர் அத்தனை சத்தம் போட்டும் அவர் வாய் மூடியே இருந்தது.

“அப்பா பேசலீங்களா?” என்று மரகதத்தைக் கேட்டாள் வளர்மதி.

“இல்லக்கா,” என்றாள் மரகதம். “வாயவே தொறக்கல. தொறந்து என்ன பிரயோசனம்னு விட்டுட்டாரு போல.”

வளர்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி விழுங்கியபோதும் அவருக்குச் சொல்லவில்லை, திறந்தபோதும் சொல்லவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “சாப்ட்டீங்களாப்பா?” என்றாள். அவர் பார்த்தார். “சாப்ட்டீங்களாப்பா?” என்றாள் மறுபடி. ஜெபம் சொல்கிறவள்போல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், மழை பெய்து விட்டு மறுபடி பிடித்தது, மரகதம் குழம்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டுக் குடையோடு கிளம்பிப்போனாள், வளர்மதி நிறுத்தவில்லை. நாச்சிமுத்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரே சத்தம் அதிலிருந்து திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து அவர் உதடு மெல்ல அசைந்தது.

“அம்மணி,” என்றார்.

“என்னங்கப்பா.”

“அம்மணி.”

“இங்கதானுங்க இருக்கறேன்.”

வந்துவிட்டது. அதற்கப்புறம் யார் நிறுத்துவது? உள்ளே இடமிருக்கிறது என்றார், முன்னால் போகச் சொன்னார், படியில் நிற்கிறவர்களைத் திட்டினார், நடு நடுவே அம்மணி அம்மணி என்று கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும் அவள் என்னங்கப்பா என்றாள். இரண்டு கவளம் சோறும் உள்ளே போயிற்று. பொழுது சாய்ந்தும் அவர் ஓயவில்லை. அவளுக்குத் தலை வலித்தது, வேலை போனது நினைவுக்கு வந்தது, கீழே சபாபதியின் மைக் வேறு இரைந்தது, அப்பா மறுபடியும் “நீ சாப்ட்டியா சாமி?” என்று கேட்டபோது, “எத்தன தடவைங்கப்பா கேட்ட கேள்வியவே கேப்பீங்க!” என்று எரிந்து விழுந்தாள்.

கத்திய பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. பழைய எரிச்சல், பழைய வார்த்தை, ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே வந்திருந்தது. நாச்சிமுத்து பயந்துபோய் வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார். வளர்மதி நாற்காலியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“இன்னும் சாப்பிடலீங்கப்பா,” என்றாள். “இன்னொருக்கா கேளுங்க.”

அவர் கேட்டார்.